லைட்வெயிட் குத்துச்சண்டையில் உலகம் கண்ட தலைசிறந்த வீரர் யார்? ஏன்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் ராபர்ட்டோ டுரான் என்றுதான் சொல்வார்கள். அதில் தப்பும் இல்லை. 1972-ல் கென் புக்கானனை வென்று பட்டத்தைப் பிடித்தவர், 1979-ல் தானாக விட்டுக்கொடுக்கும் வரை அதை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் நான் டுரானுக்கு எழுபது வருடம் முன்னால் போவேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்காரர் ஜோ கான்ஸ். அமெரிக்காவில் பிறந்த கறுப்பின வீரர்களில் முதல் உலக சாம்பியன். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் அவரை 'ஓல்ட் மாஸ்டர்' என்று எழுதின. நம் வழக்கத்தில் சொன்னால் பெரிய வாத்தியார்.

ஏன் அவர் என்று சொல்வதற்கு முன்னால் என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரி நாட்களில் நான் 60 கிலோ பிரிவில், அதாவது லைட்வெயிட்டில், ஆடினேன். சாதாரணமாக என் எடை 64. போட்டி நெருங்கினால் முதலில் உப்பை நிறுத்துவோம், முந்தின நாள் தண்ணீரையும் நிறுத்துவோம். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்திய அறைக்குள் ஸ்கிப்பிங் ஆடுவோம். ஒரு தடவை காலையில் தராசு 60.3 காட்டியது. ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். சூயிங்கத்தை மென்று மென்று எச்சில் ஊறவைத்து, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எச்சிலும் ஊறவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 60.0 காட்டியதும் தராசிலிருந்து இறங்கி, கோச் கையிலிருந்த குளுக்கோஸ் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். முதல் வாய் தொண்டையில் இறங்கவே இல்லை, பாதி சட்டையில்தான் கொட்டியது. ஆட்டம் சாயங்காலம். அதற்குள் தண்ணீர், சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம் எல்லாம் கிடைத்தன. அப்படியும் இரண்டாவது ரவுண்டில் கால் வெறும் துணி மாதிரி இருந்தது.

எடை பார்த்து முடித்ததற்கும் ரிங்கில் ஏறுவதற்கும் நடுவில் கிடைக்கும் அந்த நேரம்தான் லைட்வெயிட் வீரனின் உயிர். அதை கான்ஸிடமிருந்து பிடுங்கிக்கொண்ட கதைக்குப் பிறகு வருகிறேன்.

கான்ஸ் பிறந்தது 1874. மரியா கான்ட் என்ற வளர்ப்புத் தாய்தான் அவரை ஆளாக்கினார். சின்ன வயதில் மீன் சந்தையில் சிப்பி உடைக்கும் வேலை. சண்டையைக் கற்றுக்கொண்டது 'பேட்டில் ராயல்' என்ற கொடுமையில். ஏழெட்டுக் கறுப்பினப் பையன்களை ஒரே ரிங்கில் இறக்கிவிடுவார்கள், சில சமயம் கண்ணைக் கட்டியும் விடுவார்கள். கடைசிவரை நிற்பவனுக்குச் சில்லறை வீசுவார்கள். நாலா பக்கமிருந்தும் குத்து வரும் அந்த இடத்தில் பிழைக்க வேண்டுமானால், அடிப்பதற்கு முன்னால் அடி வாங்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கான்ஸின் பிற்கால ஆட்டத்துக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

அவருடைய ஆட்டத்தை ஒரே வார்த்தையில் சொன்னால் சிக்கனம். தேவையில்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். எதிராளியின் குத்து வந்தால் தலையை இரண்டு அங்குலம் நகர்த்துவார், அல்லது உள்ளங்கையால் தட்டிவிடுவார். குதித்துப் பின்னால் போவது கிடையாது. பின்னால் போனால் திருப்பி அடிக்கும் தூரம் போய்விடுமே! பக்கத்திலேயே நின்று, அவன் கை திரும்பிப் போகும் வழியிலேயே தன் கையை அனுப்புவார். சின்னக் குத்து, முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாது. இன்று எந்தக் கோச்சும் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம் போலத் தெரியும். ஆனால் பெரும்பாலான வீரர்கள் கையை வீசி, பாய்ந்து, கட்டிப் புரண்டு சண்டை போட்ட காலம் அது.

அவருடைய வாழ்க்கையில் ஒரு கறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1900 மார்ச்சில் அப்போதைய சாம்பியன் ஃபிராங்க் எர்னுடன் மோதியபோது, கண்ணுக்கு மேல் வெட்டுப்பட்டு, 12-வது ரவுண்டில் சண்டையை நிறுத்தச் சொன்னார். தைரியம் இல்லாதவன் என்று பேர் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் டெரி மெக்கவர்னிடம் இரண்டே ரவுண்டில் விழுந்தார். பார்த்தவர்கள் யாரும் அதை நிஜச் சண்டை என்று நம்பவில்லை. அந்த அசிங்கத்துக்குப் பிறகு சிகாகோவில் குத்துச்சண்டைக்கே தடை வந்தது. கான்ஸின் மேனேஜர் அல் ஹெர்ஃபோர்ட் சூதாட்டப் புள்ளி. பின்னாளில் அவரைவிட்டுப் பிரிந்தபிறகு, மேனேஜர் சொன்னபடி ஆடிய ஆட்டங்கள் உண்டு என்று கான்ஸே ஒப்புக்கொண்டார். நான் இதற்கு நியாயம் கற்பிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வெள்ளைக்கார மேனேஜர் இல்லாத கறுப்பின வீரனுக்குப் பெரிய சண்டை கிடைக்காது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 'இன்று நீ தோற்க வேண்டும்' என்று அந்த மேனேஜர் சொன்னால், மாட்டேன் என்பதற்கு விலை மொத்தத் தொழிலும்.

எர்னுடன் இரண்டாவது வாய்ப்பு 1902 மே 12-ல் வந்தது. கனடாவின் ஃபோர்ட் எரி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முதல் ரவுண்டிலேயே எர்ன் தரையில் கிடந்தார். கான்ஸ் உலக லைட்வெயிட் சாம்பியன்.

சாம்பியன் ஆனதும் காசு கொட்டியிருக்கும் என்று நினைப்போம். கொட்டவில்லை. தன்னைவிடக் கனமானவர்களோடு மோதித்தான் வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. 1903-ல் சாம் லாங்ஃபோர்டிடம் தோற்றார், 1904-ல் பார்படாஸ் ஜோ வால்காட்டுடன் 20 ரவுண்ட் ஆடி டிரா. இருவருமே அந்தக் காலத்துப் பெரும் வீரர்கள், குத்துச்சண்டை வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களின் கனம் புரியும்.

சரி, இப்போது கோல்ட்ஃபீல்டு.

நெவாடா பாலைவனத்தில் 1902-ல் தங்கம் கிடைத்து, நாலே வருடத்தில் ஊதிப் பெருத்த சுரங்க ஊர் அது. டெக்ஸ் ரிக்கர்ட் என்ற மதுக்கடைக்காரருக்கு ஊருக்கு விளம்பரம் தேட ஒரு யோசனை தோன்றியது. 30,000 டாலர் பரிசுப் பணத்தை தங்கக் காசுகளாக அடுக்கி, ஒரு வங்கியின் ஜன்னலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். சண்டை கான்ஸுக்கும் பேட்லிங் நெல்சனுக்கும். நெல்சன் டென்மார்க்கில் பிறந்தவர், வயது 24, எவ்வளவு அடித்தாலும் முன்னால் வந்துகொண்டே இருப்பார், தலையால் முட்டுவார். கான்ஸுக்கு 31 வயது, கையில் காசில்லை. இது தெரிந்துதான் நெல்சனின் மேனேஜர் பில்லி நோலன் நிபந்தனைகளைப் போட்டார். பணத்தில் பெரும்பங்கு நெல்சனுக்கு. சாம்பியன் கான்ஸுக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எதிர்த்து ஆடியவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு.

பணத்தைவிட எனக்கு வலிப்பது எடை நிபந்தனை. 133 பவுண்டு, நம் கணக்கில் 60.3 கிலோ. அன்று காலை என் தராசு காட்டிய அதே எண். இதை எப்போது படித்தாலும் என் நாக்கு உலர்ந்துபோகும். அந்த எடையைச் சண்டை உடுப்போடும் கையுறையோடும் சேர்த்து எடுத்துக் காட்ட வேண்டும். அதுவும் ஒரு தடவை இல்லை. சண்டை நாளன்று நண்பகலில் ஒரு தடவை, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ரிங்கில் ஏறுவதற்குச் சற்று முன்னால் ஒரு தடவை. ஒரு தடவை எடை பார்த்தால் அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கலாம். மூன்று தடவை பார்த்தால் குடிக்க முடியாது. ஒரு டம்ளர் தண்ணீர் கால் கிலோ. காலையிலிருந்து மூன்று மணி வரை உலர்ந்த தொண்டையோடு இருந்து, அப்படியே ரிங்கில் ஏறு என்பதுதான் அந்த நிபந்தனையின் அர்த்தம். கான்ஸ் சம்மதித்தார்.

1906 செப்டம்பர் 3, பாலைவன வெயில், கூரையில்லாத மைதானம். ரவுண்டுக்கு எல்லை கிடையாது, ஒருவரால் இனி முடியாது என்று ஆகும் வரை சண்டை. வளர்ப்புத் தாயிடமிருந்து தந்தி வந்திருந்தது, வரும்போது வீட்டுக்கு பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) கொண்டுவா என்று. ஜெயித்துச் சம்பாதித்து வா என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இன்று எல்லோரும் சொல்லும் 'பிரிங் ஹோம் தி பேக்கன்' என்ற வழக்கு பரவியது இந்தத் தந்தியால்தான் என்று சொல்வார்கள்.

முதல் பத்துப் பதினைந்து ரவுண்டுகள் கான்ஸின் கையில். நெல்சனைப் பலமுறை கீழே தள்ளினார், விழுந்தவருக்குக் கைகொடுத்துத் தூக்கியும் விட்டார். நெல்சன் எழுந்து எழுந்து வந்தார், முட்டினார், இடுப்புக்குக் கீழே அடித்தார். வெயில் ஏறியதும் கான்ஸின் வேகம் குறைந்தது. 33-வது ரவுண்டில் அவருடைய வலது கை உடைந்தது. அடித்த அடியிலேயே எலும்பு முறிந்துவிட்டது. அப்போது அவர் செய்ததுதான் எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதைக்கெல்லாம் காரணம். கை உடைந்தது தெரிந்தால் நெல்சன் அந்தப் பக்கமாகவே நுழைந்து முடித்துவிடுவார். அதனால் கால் சுளுக்கிக்கொண்ட மாதிரி நொண்டிக் காட்டினார். எல்லோரும் காலைப் பார்த்தார்கள். உடைந்த கையை மறைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் இன்னும் ஒன்பது ரவுண்டு!

நானும் ஒருமுறை கட்டைவிரல் பிசகிய கையோடு மிச்சமிருந்த ஒரு ரவுண்டை ஆடியிருக்கிறேன். கை தானாக மார்போடு ஒட்டிக்கொள்ளும், முகம் காட்டிக்கொடுத்துவிடும். எதிராளிக்கு அரை நிமிடத்தில் தெரிந்துபோனது. ஒன்பது ரவுண்டு மறைப்பது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

42-வது ரவுண்டில் நெல்சன் அப்பட்டமாகக் கீழே குத்தினார். கான்ஸ் மடங்கி விழுந்தார். நடுவர் ஜார்ஜ் சைலர் நெல்சனைத் தகுதிநீக்கம் செய்து, கான்ஸ் வென்றார் என்று அறிவித்தார். சண்டை நடந்தது ஏறக்குறைய 2 மணி 48 நிமிடம். இன்றைய உலகப் பட்டப் போட்டி 12 ரவுண்டு. இடைவேளையெல்லாம் சேர்த்தாலும் 47 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பணத்தில் கான்ஸ் பால்டிமோரில் ஒரு ஹோட்டல் திறந்தார். பெயர் கோல்ட்ஃபீல்டு ஹோட்டல். பின்னாளில் பெரிய இசைக்கலைஞரான யூபி பிளேக் இளவயதில் அங்கே பியானோ வாசித்திருக்கிறார்.

1908-ல் நெல்சன் கான்ஸை இரண்டு தடவை வென்றார், ஜூலையில் 17-வது ரவுண்டில், செப்டம்பரில் 21-வது ரவுண்டில். பட்டம் போனது. கான்ஸுக்குக் காசநோய் கண்டிருந்தது. காசநோய்க் கிருமி தொற்றினால் வருவது, பட்டினியால் வருவதில்லை. ஆனால் உடம்பு நல்ல ஊட்டத்தில் இருந்தால் அடங்கிக் கிடக்கும், வற்றிப்போனால் தலைதூக்கும். வருடக்கணக்காக 133 பவுண்டுக்காகத் தன்னை வற்றவைத்த உடம்பு அது. இதுதான் அவரைக் கொன்றது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் தராசில் ஏறிப் பழகிய எனக்கு அந்தச் சந்தேகம் போகவே இல்லை.

டுரானும் பெரியவர்தான், அவர் ஆட்டங்களை நான் எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது. 'தி ரிங்' பத்திரிகையை ஆரம்பித்த நாட் ஃபிளைஷர், எல்லாக் காலத்துக்குமான லைட்வெயிட் வரிசையில் கான்ஸுக்குத்தான் முதலிடம் கொடுத்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது இல்லாவிட்டாலும் என் பதில் மாறியிருக்காது.

வறண்ட காற்று நுரையீரலுக்கு நல்லது என்று கான்ஸ் அரிசோனாவின் பிரெஸ்காட்டுக்குப் போனார். பயனில்லை. முடிவு தெரிந்ததும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ரயில் ஏறினார். அமெரிக்காவின் அகலத்தில் பாதிக்கும் மேல் தாண்ட வேண்டிய பயணம், வழியெல்லாம் பத்திரிகைகள் அவருடைய உடல்நிலையைச் செய்தியாகப் போட்டன. ஊர் போய்ச் சேர்ந்தார். 1910 ஆகஸ்ட் 10 அன்று பால்டிமோரில், மரியா கான்ட் பக்கத்தில் இருக்க, இறந்தார். வயது 35.