துகள் கொத்து ஏன் கிளை விடுகிறது? காவிரியும் அப்படித்தானா?

கேள்வி: கணினியில் துகள்களை ஒட்டவிட்டால் வரும் படம் காவிரி டெல்டா வரைபடம் மாதிரியே இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

பார்க்கத்தான் ஒன்று, உருவாகும் விதம் வேறு.

அந்தக் கணினிப் படத்துக்கு 1981இல் விட்டன், சாண்டர் என்ற இரு இயற்பியலாளர்கள் சொன்ன விதி மிக எளிது. நடுவில் ஒரு துகளை வையுங்கள். தூரத்திலிருந்து இன்னொன்றை விடுங்கள். அது போதையில் நடப்பவனைப் போலத் திக்கில்லாமல் அலைந்து, கொத்தைத் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடுத்தது. தற்செயலாக ஒரு முனை சற்று நீண்டுவிட்டால், அலைந்து வருவது பெரும்பாலும் அதில்தான் முதலில் முட்டும். முனை இன்னும் நீளும். உள்ளிருக்கும் இடுக்குக்கு எதுவும் போய்ச் சேராது. கிளையும் ஓட்டையும் வருவது இதனால்தான். தட்டையான இருபரிமாணத் தளத்தில் இதன் ஃப்ராக்டல் பரிமாணம் (கொத்து இடத்தை எவ்வளவு நிரப்புகிறது என்பதன் அளவு) சுமார் 1.71. அதாவது ஆரம் இரட்டிப்பானால் துகள்கள் 4 மடங்கு ஆகாது, ஏறக்குறைய 3.3 மடங்குதான்.

நிரல் எழுதுவதானால் துகளைத் திரை ஓரத்திலிருந்து விடாதீர்கள். கொத்தைச் சுற்றிச் சற்றே பெரிய வட்டத்தில் விட்டு, வெகுதூரம் போனதைத் தூக்கிப் போடுங்கள். இல்லையென்றால் விடிய விடிய ஓடும்! ஒட்டும் வாய்ப்பைக் குறைத்தால் கிளைகள் தடிக்கும்.

காவிரி முக்கொம்பிலும் கல்லணையிலும் பிரிவது வண்டல், நிலத்தின் சாய்வு, மனிதர் கட்டிய மதகு எல்லாம் சேர்ந்து செய்தது. கல்லணைக் கால்வாயே 1934இல் முடிந்த வெட்டுவாய்க்கால்தான். நிஜமான ஒற்றுமை வேண்டுமானால் பூம்புகார் முகத்துவாரத்துச் சேற்றைப் பாருங்கள். உப்புநீர் பட்டதும் நுண்களிமண் துகள்களை விலக்கி வைத்திருந்த மின்விசை வலுவிழக்க, அவை ஒட்டிக் கொத்தாகின்றன. அங்கே கொத்தும் கொத்தும் நகர்ந்து வந்து ஒட்டும், ஆகவே நிரலிலும் கொத்துகளை நகரவிட வேண்டும்.