டாக்டரக்காகிட்ட கேளுங்க: எந்திச்சாலும் ஏறாத பல்ஸ்

கேள்வி: டாக்டரக்கா, எங்க அப்பாவுக்கு 68 வயசு, பார்க்கின்சன்னு 5 வருஷமா மாத்திரை சாப்பிடுதாவ. இந்த ரெண்டு மாசத்துல மூணு தடவ விழுந்துட்டாவ. ரெண்டு தடவ விடியக்காலைல பாய விட்டு எந்திச்சு பாத்ரூம் போறப்ப, ஒரு தடவ கல்யாண வீட்டுல மறுவீட்டு சொதி சாப்பிட்டு கை கழுவ எந்திச்ச எடத்துல. இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு, ஹார்ட் நல்லாருக்குன்னுட்டாங்க. தம்பி வாங்கிக் குடுத்த வாட்ச்ல பல்ஸ் படுத்தா 72, நின்னா 74, அதனால பயமில்லன்னு இருக்கோம். பார்க்கின்சன்னா பேலன்ஸ் போகத்தான செய்யும்னு சொந்தக்காரங்க சொல்லுதாவ. அப்படித்தானா?
- அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு மகள்

பதில்: அந்த 72, 74-ஐப் பாத்துதாம்மா எனக்கு பயம். நீங்க அத நல்ல சேதியா எழுதிருக்கீங்க.

படுத்திருக்க ஆளு எந்திச்சு நின்னா ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் வயித்துக்கும் காலுக்கும் எறங்கிரும், நமக்கு அது தெரியவே செய்யாது, ஏன்னா அழுத்தம் கொறையுதுன்னு கழுத்து ரத்தக்குழாய்ல இருக்க நரம்பு மூளைக்கு சொல்லி, மூளை ரத்தக்குழாய இறுக்கி, ஹார்ட்ட கொஞ்சம் வேகமா அடிக்க வச்சு, எல்லாம் கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள நடந்துரும். பார்க்கின்சன்ல மூளையில டோபமைன்ங்கிற ரசாயனத்த சுரக்குற செல்லு அழிஞ்சு போறது எல்லாருக்கும் தெரியும், ஹார்ட்டுக்கு வந்து அத வேகமா அடிக்க வைக்கிற சிம்பதெடிக் நரம்பும் சேந்து தேயுறத யாரும் சொல்றதில்ல. எக்கோல பாத்தா நல்லாத்தான் தெரியும். மோட்டார்ல கோளாறு இல்ல, கரண்டு வார ஒயர்லதான் கோளாறு.

வீட்டுலயே பாக்கலாம். 5 நிமிஷம் படுக்க வச்சு பிபி, பல்ஸ் ரெண்டையும் எழுதுங்க. பெறகு பைய எந்திக்க சொல்லி, பக்கத்துல ஒரு ஆள் பிடிக்க நின்னுக்கிட்டு, 1 நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் மறுபடி பாருங்க, கெறக்கம் வந்தா ஒடனே உக்கார வச்சிருங்க. மேல் நம்பர் 20-ஓ, இல்லன்னா கீழ் நம்பர் 10-ஓ கொறஞ்சா எந்திக்கிறப்ப பிபி எறங்குதுன்னு அர்த்தம். மேல் நம்பர் 20 எறங்குனா பல்ஸ் 10-ஆவது ஏறணும். 140 இருந்தது 105 ஆகி, பல்ஸ் 72-ல இருந்து 76-க்குத்தான் வந்துச்சுன்னா, 35-க்கு வெறும் 4, நரம்பு வேல செய்யலன்னு சந்தேகப்படலாம். பீட்டா பிளாக்கர்னு ஹார்ட் வேகத்த கொறைக்கிற மாத்திரை சாப்பிட்டாலும் பல்ஸ் ஏறாது, ரொம்ப நாள் சுகர் இருந்தாலும் இப்படி வரும், அதையும் மறக்காம சொல்லுங்க. உக்கார வச்சு பிபி பாத்தா இது சிக்கவே சிக்காது. நானும் ரொம்ப வருஷம் உக்கார வச்சுத்தான் பாத்தேன், நாற்காலி பக்கத்துல கெடந்துச்சு, வேற காரணம் ஒண்ணும் இல்ல.

சொந்தக்காரங்க சொல்றதும் முழுத்தப்பு இல்ல. திரும்புறப்ப, வாசப்படி தாண்டுறப்ப கால் தரையில ஒட்டுன மாதிரி நின்னு விழுந்தா அது பேலன்ஸ். விழுறதுக்கு முன்ன கண்ணு இருட்டிட்டு வந்துச்சா, நிக்கிறப்ப பிடரியும் தோளும் வலிச்சு படுத்தா சரியாவுதான்னு அப்பாட்ட கேளுங்க, அப்படின்னா பிபி. நெறைய பேருக்கு ரெண்டும் சேந்தே கெடக்கும். ஆனா விடியக்காலைலயும் சாப்பிட்ட பெறகும் விழுறாவன்னா நான் மொதல்ல பிபியத்தான் பிடிப்பேன்.

பத்தமடை பாயிலதான் தூக்கம் வரும்னா கட்டில் மேல விரிங்க, தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழ செங்கல் வச்சு ஒசத்துங்க. இவங்களுக்கு மட்டமா படுத்தா பிபி ஏறும், ராத்திரி பூரா ஒண்ணுக்கா போவும், அதான் காலைல ஒடம்புல தண்ணி பத்தாம விழுறாவ. முழிச்சதும் உக்கார வச்சு ரெண்டு டம்ளர் தண்ணி குடுங்க, கிட்னி, ஹார்ட் பிரச்சன இருந்தா கேட்டுக்கிட்டு, பொரை ஏறாம பாத்து. கால மடக்கி நீட்டி ரெண்டு நிமிஷம் கழிச்சு எந்திக்கட்டும். வயிறு முட்ட சாப்பிட்டா ரத்தம் கொடலுக்குப் போயிரும், கொஞ்சங் கொஞ்சமா பிரிச்சு சாப்பிட சொல்லணும், மறுவீட்டு சொதிய யாரு கொஞ்சமா சாப்பிடுவா, அன்னைக்கு மட்டும் எலைக்கே தண்ணி கொண்டுபோயி கை கழுவ விடுங்க, ஒரு மணி நேரம் தனியா நடக்க விடாதீங்க.

பிபி மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, பார்க்கின்சன் மாத்திரைகூட பிபிய எறக்கும். அதுக்காக நீங்களா எதையும் நிறுத்திறாதீங்க, பார்க்கின்சன் மாத்திரைய சட்டுன்னு நிறுத்துனா ஆபத்து. ஒரு வாரம் எழுதுன பிபி சீட்ட நரம்பு டாக்டர்ட்ட காட்டுங்க. வாட்ச் நம்பரையும் அதுலயே எழுதிக்கோங்க.