காய்வள்ளியில் தொங்குவது காயன்று
வணக்கம். களியக்காவிளையில் வேலியோரம் படர்ந்த வள்ளிக்கொடியின் காயை அறுத்தும் விதை கிடைக்கவில்லை, கார்த்திகையில் புதைத்தது ஒரு மாதமாகியும் முளைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் அடதாப்பு எனப்படும் காய்வள்ளியில், இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்திலுள்ள மொட்டே மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டு குமிழாகப் பருக்கிறது என்பதால், அதனுள் விதை தேடுவது உருளைக்கிழங்கில் கொட்டை தேடுவதைப் போன்றது. மகரந்தச் சேர்க்கையின்றி உருவாவதால், அதிலிருந்து எழும் கொடி தாய்க்கொடியின் மறுபதிப்பாகவே இருக்கும். உதிர்ந்த குமிழ்கள் சில மாதங்கள் உறங்கும். உங்களுடையது அழுகவில்லையெனில் தோண்டியெடுத்து, காற்றோட்டமான நிழலில் வைத்திருந்து, முளை தெரிந்தபின் கோடைமழையோடு இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். யாரும் நடாமல் தானாக வந்த கொடியென்றால் சமைத்துப் பார்க்க வேண்டாம். காட்டு வகைகளில் கசப்போடு நஞ்சும் உண்டு.