முதலில் கை, பிறகு கால்

கேள்வி: ஐயா, கார் ஓட்ட நன்றாகவே பழகிவிட்டேன். லைசன்ஸ் எடுக்கும் ட்ரயலில் தவறியது சிக்னலால்தான். ஓரத்தில் நின்ற காரை எடுக்கும்போது போட மறந்தேன். சந்தியில் திரும்பும்போது நினைவு வந்து அவசரமாகத் தட்ட, வைப்பர் ஓடத் தொடங்கிவிட்டது. திரும்பவும் போக இருக்கிறேன். மறக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
- வாசகி, கோப்பாய்

பதில்: வைப்பரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பிள்ளை. வீட்டில் வேறு காரும் ஓட்டுகிறீர்களோ? யப்பான் கார்களில் சிக்னல் தடி ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் இடப்பக்கம். மாறி மாறி ஓட்டினால் கை தடுமாறும். ட்ரயல் முடியும்வரை ட்ரயலுக்குக் கொண்டுபோகும் காரையே ஓட்டுங்கள்.

மறதி வேறு விஷயம். ஸ்டியரிங்கைத் திருப்பும் நேரத்தில்தான் உங்களுக்குச் சிக்னல் நினைவு வருகிறது. அந்த நேரம் கிளச், கியர், எதிரே வரும் பஸ் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

நான் பழகியது அப்பாவின் பழைய மொரிஸ் மைனரில். அதில் மின்னும் விளக்கு இல்லை, பக்கத்துத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று எழும்பும். அது அடிக்கடி இறுகிவிடும். அப்போது அப்பா வலக்கையை வெளியே நீட்டச் சொல்வார். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கையும் கியரையும் பார்க்க முடியுமா? அதனால் சந்திக்கு நன்றாக முன்பே நீட்டி, காட்டி, உள்ளே எடுத்துவிட வேண்டும். “முதலில் கை, பிறகு கால்” என்பார். கண்ணாடியைப் பார், சிக்னலைப் போடு, அப்புறம்தான் பிரேக்கில் கால். நீங்களும் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கோப்பாயிலிருந்து இருபாலை, கல்வியங்காடு, நல்லூர் என்று யாராவது ஓட்ட நீங்கள் பக்கத்தில் இருந்து போனாலும், அவர் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து எடுக்கும்போது வலப்பக்கச் சிக்னல், கண்ணாடி, தோளுக்கு மேலால் ஒரு பார்வை. இவை முடியாமல் ஹாண்ட் பிரேக்கில் கை வைக்கவே கூடாது.

சிக்னலை அணைப்பதையும் மறக்காதீர்கள். ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பி நேராக்கினால்தான் அது தானாக அணையும். பலாலி வீதியில் ஒருமுறை, நின்ற லொறியைக் கடந்து இடப்பக்கம் வரச் சிக்னல் போட்டேன். ஸ்டியரிங் கொஞ்சமே திரும்பியதால் அது அணையவில்லை, நானும் கவனிக்கவில்லை. இடப்பக்க ஒழுங்கையில் சைக்கிளோடு நின்ற முதியவர், கார் உள்ளே திரும்பப் போகிறது என்று நம்பி வீதியில் ஏறிவிட்டார். பிரேக் பிடித்து மயிரிழையில் நின்றேன். பிழை முழுவதும் என்னுடையது. இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஹாண்டிலைப் பிடித்த கை மட்டும் நடுங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும் டாஷ்போர்டில் அந்தப் பச்சை அம்பைப் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். ரேடியோவை நிறுத்தி வைத்தால் ‘டிக் டிக்’ சத்தமும் கேட்கும்.