கரிசல் மண் தெருவுக்குத் தாரா, சிமென்டா?

கேள்வி: எங்கள் ஊர் கோவில்பட்டி பக்கம். தெருவில் தார் ரோடு போட்டு இரண்டு மழைக்காலம்தான் போயிருக்கிறது, அதற்குள் குழியும் வெடிப்புமாகக் கிடக்கிறது. இந்த முறை பிளாஸ்டிக் கலந்த தார் போடச் சொல்லலாம் என்கிறார்கள் சிலர். சிமென்ட் ரோடுதான் தாங்கும் என்கிறார்கள் வேறு சிலர். ஊராட்சியில் நாங்கள் எதைக் கேட்பது?

பதில்: எதைக் கேட்டாலும் சரி, அதற்கு முன்னால் ‘அடியில் என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். உங்களுடையது கரிசல் பூமி. மழை பெய்தால் அந்த மண் தண்ணீரைக் குடித்து உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இப்படி வருடா வருடம் ஏறி இறங்கும் மண்ணின் மேல் எதைப் போட்டாலும் அது சேர்ந்துதான் ஏறி இறங்கும். உங்கள் ரோட்டில் வெடிப்பு நீளவாக்கில், ஓரத்தை ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் தாரில் இல்லை, மண்ணில்தான்.

இதற்கு நல்ல வழி இருக்கிறது. மேல்மண்ணைக் கிளறி, எடையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுண்ணாம்பு கலந்து, ஈரம் பார்த்து ரோலர் விட்டால் உப்புகிற குணம் பெருமளவு அடங்கிவிடும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதை உங்கள் மண்ணைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதன் மேல் கிராவல் படுகை. இந்தப் படுகை ரோட்டின் அகலத்தோடு நின்றுவிடாமல் வாய்க்கால் வரை போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியின்றித் தொட்டி போலத் தேங்கும். தென்னை நாரில் நெய்த விரிப்பை மண்ணுக்கும் கிராவலுக்கும் நடுவே போடுவதும் உண்டு. பிரதமர் கிராம சாலைத் திட்டத்தில் இதைப் பயன்படுத்த 2020-ல் ஒப்புதல் கொடுத்தார்கள். ஜல்லி சேற்றில் புதையாமல் அது தாங்கிப் பிடிக்கும். சில வருடங்களில் நார் மக்கிவிடும், அதற்குள் மண் இறுகிவிடும்.

அப்புறம் பிளாஸ்டிக். இது நம் மதுரையில் பிறந்த முறை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டது. 2006-ல் காப்புரிமை கிடைத்தது, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கைத் தாரில் கரைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஜல்லியை 160–170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பைகளை அதன் மேல் தூவுவார்கள். அரை நிமிடத்தில் அது உருகி, ஒவ்வொரு கல்லிலும் எண்ணெய் பூசியது போல மெல்லிய மேற்பூச்சாகப் படியும். அதற்குப் பிறகுதான் தார். பிளாஸ்டிக்கின் அளவு, தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம்.

இதனால் என்ன லாபம்? கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம். தேங்கிய தண்ணீர் மெல்ல உள்ளே புகுந்து கல்லையும் தாரையும் பிரித்துவிடும், வண்டிச் சக்கரம் அதைப் பெயர்த்துப் போடும். குழி பிறப்பது இப்படித்தான். பிளாஸ்டிக் பூசிய கல்லின் நுண்துளைகள் அடைபட்டிருப்பதால் அந்தப் பிரிவினை சுலபத்தில் நடக்காது. ஆனால் அடிமண் உப்புவதை அதனால் தடுக்க முடியாது. பி.வி.சி. குழாய்த் துண்டு, பழைய பிளெக்ஸ் பேனர் எதுவும் கலக்கக் கூடாது. சூட்டில் நச்சுவாயு வரும், வேலை செய்கிறவர்கள்தான் அதைச் சுவாசிப்பார்கள்.

சிமென்ட் ரோடு தேங்கும் தண்ணீரைத் தாங்கும். அது பெரிய பலம்தான். ஆனால் வளைந்து கொடுக்காது. பக்குவம் செய்யாத கரிசலில் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்தால் பாளமாகப் பிளக்கும். கண்ட இடத்தில் வெடிக்காமலிருக்க, போட்ட மறுநாளுக்குள் மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு வெட்டு ரோட்டின் குறுக்கே போட்டாக வேண்டும், ஈரச்சாக்கு மூடி இரண்டு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை பாக்கி இருந்தால் சிமென்ட் பக்கமே போகாதீர்கள். வெட்டி ஒட்டிய சிமென்ட் ரோடு பழையபடி ஆனதை நான் பார்த்ததில்லை.

என்னைக் கேட்டால் அடிமண்ணைச் சரிசெய்து, வாய்க்கால் எடுத்து, பிளாஸ்டிக் பூசிய ஜல்லியில் தார் ரோடு. குழாயடி மாதிரி எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்கு மட்டும் சிமென்ட். பழைய ரோட்டின் மேலேயே போட்டு வீட்டு வாசலைப் பள்ளமாக்க விடாதீர்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே உத்தரவிட்டிருக்கிறார்.

வேலை நடக்கும் நாளில் மூன்றைக் கவனியுங்கள். தார்க்கலவை கொட்டும் முன் தரையில் தெளிக்கும் பசைத்தார் பழுப்பாக இருக்கும். அது முழுக்கக் கறுத்த பிறகே கலவை விழ வேண்டும். லாரியில் தார்ப்பாய் மூடி வந்த கலவையிலிருந்து நீலப்புகை கிளம்பினால் தார் கருகிவிட்டது என்று பொருள், திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கடைசியாக, ரோலர் ஓடி முடித்ததும் தெருவின் குறுக்கே ஒரு நூலை மட்டமாக இழுத்துப் பிடியுங்கள். பத்தடி அகலத் தெருவென்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட ஒன்றரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். குறைந்தால், சூடு ஆறும் முன் அங்கேயே சொல்லிவிடுங்கள்.