‘டிஸ்க் போச்சு’ என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருக்கிறேன். லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் உள்ளதைப் பார்க்க முடிந்தது, எதையும் சேமிக்க முடியவில்லை. சர்வீஸ் கடையில் "டிஸ்க் போச்சு" என்று புதிது மாட்டிக் காசு வாங்கினார்கள். புது டிஸ்க்கிலும் அதே கதை.

பதில்: படிக்கும்போதே வயிறு எரிகிறது. பழைய டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. இது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது. சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கம் போடும். டிரைவ்கள் இன்னும் தன் கையில்தான் இருக்கின்றன என்பது அதன் கணக்கு. அந்த நேரத்தில் வேறொருவர் எழுதினால் ஃபைல்கள் குழம்பிவிடும். அதனால்தான் லினக்ஸ் ‘படிக்க மட்டும்’ என்று டிரைவை இணைக்கிறது (மவுன்ட் செய்கிறது). அது பழுதில்லை, பொறுப்பு. ஷட் டவுன் என்று பெயர் வைத்துவிட்டு ஷட் டவுன் ஆகாத பட்டனை எவர்தான் யோசித்தாரோ! விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வாருங்கள், எழுதலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம், பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து.

கேள்வி: லினக்ஸில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) டிரைவில் எழுத ஒரு ‘புரோ’ மென்பொருளுக்குச் சந்தா கட்டலாமா?

பதில்: வேண்டாம். 2021-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.15-லேயே அதற்கான டிரைவர் இருக்கிறது.

கேள்வி: மேக்கில் ஓடிய பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மலிவாக வாங்கினேன். லினக்ஸில் திறக்கவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை.

பதில்: காசு கொடுக்கும் முன் ஒருமுறை சொருகிப் பார்த்திருக்கலாமே? அது ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் ஃபைல் முறையில் இருக்கும். லினக்ஸ் கெர்னலுக்கு அது தெரியாது. உள்ளே இருப்பது விற்றவரின் ஃபைல்கள், அவற்றில் உங்களுக்கு என்ன வேலை? எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்யுங்கள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கேள்வி: 2 டிபி பென் டிரைவில் போட்ட படங்கள் திறக்கவில்லை. லினக்ஸில் சொருகியதால்தான் கெட்டது என்கிறார் விற்றவர்.

பதில்: பொய். நானும் இப்படி ஒன்று வாங்கி ஏமாந்தவன். நான் வாங்கியதில் நிஜமாக இருந்தது 32 ஜிபிகூட இல்லை. கூடுதலாக எழுதியதெல்லாம் காற்றோடு போயிற்று. எஃப்3 என்ற இலவசக் கருவி லினக்ஸிலேயே கிடைக்கும். டிரைவ் நிறைய எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். என் டிரைவை நான் சோதிப்பதற்குள் திருப்பித்தரும் கெடு முடிந்துவிட்டது.

கேள்வி: விண்டோஸ் பார்டிஷன் லினக்ஸில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) சாவி கேட்கிறது. காசு கொடுத்தால் உடைத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 48 இலக்க மீட்புச் சாவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் லினக்ஸில் உள்ள கிரிப்ட்செட்டப் என்ற கருவியே திறந்துவிடும்.