குடும்ப வரலாற்று ஸ்கிராப்புக்கில் பழைய போட்டோக்களை எந்தப் பசையால் ஒட்டலாம்?

எந்தப் பசையாலும் ஒட்டாதீர்கள். பாட்டியின் பிறந்தநாளோ ஏதோ விசேஷமோ நெருங்கியிருக்கும், சார்ட் பேப்பரும் ஃபெவிகாலும் வாங்கி வைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுத்து இதைப் படியுங்கள்.

நாங்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணிவைத்த 5,25,000 பேரில் என் தாத்தாவும் அப்பாயியும் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரி கூடலூரில் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டத்துக்கு வந்தார்கள். கையோடு வந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் பதினோரு போட்டோ, பாஸ்போர்ட், கொஞ்சம் கடிதங்கள்.

2008இல் அவற்றை ஆல்பமாக்கினேன். பசைத்தாளுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மூடுமே, அந்த வகை. பாஸ்போர்ட்டை லேமினேட் செய்தேன். பத்து வருஷம் கழித்து அப்பாவிடம் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பின்னால தாத்தா எழுதியிருப்பாரே, பாத்தியாம்மா?"

நான் திருப்பிப் பார்த்ததே இல்லை.

பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை போட்டோவுக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுத்தோம். ஏழு பிழைத்தன. நான்கில் பின்பக்கத் தாள் பசையோடு போய்விட்டது. ஒன்றில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் அப்பாயி, மடியில் ஒரு பெண் குழந்தை. பின்னால் தாத்தாவின் நீல மையில் "பெரிய பிள்ளை, வயசு 3" என்பது மட்டும் மிச்சம். அதற்கு முன்னால் இருந்த பெயர் உரிந்துவிட்டது. அப்பா பிறக்கும் முன்பே தோட்டத்தில் காய்ச்சலில் போன அத்தை அவர். அப்பாயியும் இன்று இல்லை, யாரிடம் கேட்பது?

'ஸ்கேன் செய்தால் போதாதா' என்று சிலர் வருவீர்கள். நானும் செய்திருந்தேன், முன்பக்கத்தை மட்டும். 'பழைய காகிதத்துக்கு இவ்வளவா' என்பவர்களுக்கு: சாதிச் சான்றிதழுக்கு ஒரு அலுவலகத்தில் அந்தப் பாஸ்போர்ட்டை நீட்டினால், லேமினேட் செய்தது செல்லாது என்றார்கள். "சிலோன்காரங்களா?" என்று வேறு கேட்டார்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலை பறிக்கப் போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகியும் இந்தக் கேள்வி நிற்கவில்லை.

ஸ்கிராப்புக்கில் பிரதி எடுத்து ஒட்டுங்கள், அசலை ஒட்ட வேண்டாம். அசலை வைத்தே ஆக வேண்டுமென்றால் நான்கு முனைகளிலும் காகித மூலை செருகி, அமிலமில்லாத தாளில் வையுங்கள். கழற்றித் திருப்பிப் பார்க்கலாம். செல்லோ டேப் பழுப்பேறிக் கறை விடும். லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது, பிரிக்க முடியாது. பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனா அழுத்தினால் படத்தின் முன்பக்கத்தில் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்.

பாட்டி இருக்கிறார் என்றால் ஆல்பம் அடுத்த மாதம் ஆகட்டும். இன்றைக்கு ஒவ்வொரு போட்டோவாக அவர் கையில் கொடுத்து, ஓரத்தில் பாதி தெரிகிறவர் உட்பட ஒவ்வொருவரின் பெயரையும் கேளுங்கள்.